முதலாளியம்மாவின் கட்டைவிரல்

செத்துப்போன கிழவியின் பெயருக்கு இன்சூரன்ஸ் சர்ட்டிபிகேட் டைப் அடிக்கச் சொன்னதும், குழந்தையம்மாள் டைப்ரைட்டருக்கு உறையை மாட்டினாள்.

"என்ன அம்மணி, மெசினை மூடற?" என்றார் முதலாளி கிட்டுசாமி.

"மயிலாத்தாள் செத்து நாலு வருசம் ஆச்சுங்க."

"எனக்குத் தெரியாதா? எம்பட மாமியாரு. சுடுகாட்டுல நின்னவன் நானு."

"அப்ப அந்தம்மாவுக்கு நெருப்புப் புடிச்சா நஷ்டஈடு கிடைக்கும்னு எப்படிங்க அடிக்கறது? அதான் ஒருக்கா புடிச்சு முடிஞ்சிருச்சுங்களே."

கிட்டுசாமி பல்லைக் கடித்தார். பி.காம். படித்த பெண்ணை ஆபீசில் வைத்தால் வெளிநாட்டுக்காரன் மதிப்பான் என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு அவளை வேலைக்கு எடுத்தவர் அவர். குழந்தையம்மாள் உடுமலைப்பேட்டையில் படித்தவள். அவள் வம்சத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள். அந்த டிகிரியால் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம், முதலாளி செய்கிற ஒவ்வொரு திருட்டுக்கும் சட்டத்தில் என்ன பெயர் என்று தெரிந்ததுதான்.

கிட்டு நிட்ஸ் பனியன் கம்பெனி ஒரே காம்பவுண்டு, ஒரே கூரை, ஒரே கக்கூஸ். ஆனால் உள்ளே இரண்டு ப்ளைவுட் தடுப்பு வைத்து, மூன்று போர்டு மாட்டியிருந்தார்கள். மயிலாத்தாள் கார்மெண்ட்ஸ், நஞ்சம்மாள் அப்பேரல்ஸ், சின்னத்தாய் ஃபேஷன்ஸ். மூவரும் கிட்டுசாமிக்கு பனியன் தைத்துக் கொடுக்கும் சப்-கான்ட்ராக்டர்கள். காகிதத்தில்தான். ஆட்களை இப்படிப் பிரித்துப் போட்டால் எந்த யூனிட்டிலும் ஆள் கணக்கு ஏறாது. கணக்கு ஏறாவிட்டால் பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை.

மயிலாத்தாள், மாமியார். நஞ்சம்மாள், சம்சாரம். மூன்றாவதாகச் சொந்தத்தில் நம்பகமான ஆள் சிக்கவில்லை. கிட்டுசாமியின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைப் போலவே இருந்தார்கள். ஆகவே ஓவர்லாக் மிஷினில் தைக்கும் சின்னத்தாயை சப்-கான்ட்ராக்டர் ஆக்கினார். தீபாவளி போனஸுக்கு என்று எல்லோரிடமும் ரேகை உருட்டிய அன்று, யூனிட்டை அவளுக்கு வாடகைக்கு விட்டதாக எழுதிய ஒப்பந்தப் பத்திரத்திலும் அவளிடம் மட்டும் ஒன்று கூடுதலாக உருட்டிக்கொண்டார். சின்னத்தாய் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தான் ஒரு கம்பெனிக்கு உரிமையாளர் என்பது அவளுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான் தெரியும்.

தெரிந்த விதம் இப்படி. ஓவர்லாக் ஊசி அவளுடைய இடது கட்டைவிரலில் இறங்கி, முனை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. குழந்தையம்மாள் அவளைக் கையோடு முதலாளியிடம் இழுத்துப் போனாள்.

"விரலு வீங்கிப் போச்சுங்க மொதலாளி. சர்க்கார் ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுட்டு, பெரிய டாக்டர்கிட்டக் காட்டலீன்னா விரலையே எடுக்க வேண்டி வரும்னு சொல்லீட்டாங்க. நீங்கதான் செலவு பண்ணோணும்."

"நானு ஏன் பண்ணோணும்? அவ எங்கிட்டயா வேலை செய்யறா? சப்-கான்ட்ராக்டர்கிட்டச் செய்யறா. சப்-கான்ட்ராக்டரப் போய்க் கேளு."

"அந்த சப்-கான்ட்ராக்டரே இவதானுங்க!"

"அப்ப ரொம்ப வசதி. அவளையே கேட்டுக்கச் சொல்லு."

வெளியே வந்து விஷயத்தை விளக்கியபோது சின்னத்தாய் தன் விரலைப் பார்த்தாள்.

"கேட்டுப் பாத்தேன்க்கா," என்றாள். "மொதலாளி கையில காசு இல்லையாம்."

குழந்தையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கட்டைவிரல் இல்லாமல் ஓவர்லாக்கில் துணி தள்ள முடியாது. துணி தள்ள முடியாதவளுக்கு இந்த ஊரில் எந்த கம்பெனி வாசலிலும் வேலை இல்லை. பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு சின்னத்தாய் மற்ற நான்கு விரல்களால் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பனியன் வாங்கும் ஜெர்மன் பையரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. உங்கள் சப்-கான்ட்ராக்டர் ஒவ்வொருவரும் தீ விபத்துக்கும் தொழிலாளர் காயத்துக்கும் இன்சூரன்ஸ் எடுத்திருப்பதற்கு சர்ட்டிபிகேட் அனுப்பவும். அனுப்பாவிட்டால் ஆர்டர் ரத்து. நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயமும் போட்டாகிவிட்டது. அழுகின கத்தரிக்காய் நிறம். ஜெர்மனிக் குழந்தைகள் போடாவிட்டால் நம் ஊரில் அதைத் தலையணைக்கு உள்ளே திணிக்கக்கூட ஆள் கிடைக்காது.

"நீ அடிக்கலீன்னாப் போ. செராக்ஸ் கடை இல்லாமயா போச்சு?" என்று கிட்டுசாமி தானே கிளம்பினார். தன் சொந்த கம்பெனியின் பழைய ஃபயர் பாலிசியை எடுத்தார். பெயர் இருந்த இடத்தில் காகிதத்தை ஒட்டி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயராக எழுதி மூன்று செராக்ஸ் போட்டு, ஃபேக்ஸில் அனுப்பிவிட்டு வந்து காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாளே பதில் வந்தது. குழந்தையம்மாள் அதைச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"மூணு கம்பெனிக்கும் ஒரே பாலிசி நம்பர் எப்படின்னு கேக்கறாங்க. பாலிசி போன வருசமே முடிஞ்சு போச்சுங்களாம். அப்பறம் மூணுலயும் ஒரே எடத்துல டீக் கறை இருக்குதாம், அதுக்கும் விளக்கம் வேணுமாம்."

"டீக் கறையுமா தெரியுது?"

"நல்ல மெசின்ங்க. நீங்கதான வாங்குனீங்க."

ஃபேக்ஸின் கடைசி வரி இன்னும் மோசம். பையரின் பெங்களூர் ஆள் நேரில் வருவார். அசல் சர்ட்டிபிகேட்டைப் பார்ப்பார். சப்-கான்ட்ராக்டர்களைச் சந்தித்துப் பேசுவார்.

"இன்சூரன்ஸை நெசமாவே எடுத்துருங்க மொதலாளி," என்றாள் குழந்தையம்மாள். "அதுல ஒண்ணும் அசிங்கம் இல்லீங்க."

வேறு வழியில்லாமல் இன்சூரன்ஸ் ஆபீஸ் ராசப்பன் வரவழைக்கப்பட்டார். ரூல் தெரிந்த மனிதர். ரூலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர்.

"மொதல் பாரத்துல மயிலாத்தாள் அம்மா கையெழுத்துப் போடோணுமுங்க. வரச் சொல்லுங்க."

"அவங்க வர முடியாதுங்க," என்றார் கிட்டுசாமி.

"ஒடம்பு சொகமில்லீங்களா?"

"இப்ப ஒரு தொந்தரவும் இல்லீங்க," என்றாள் குழந்தையம்மாள். "செத்துட்டாங்க."

ராசப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த பாரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். "அடுத்து நஞ்சம்மாள் அம்மா?"

நஞ்சம்மாள் கோபித்துக்கொண்டு மூலனூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கிட்டுசாமி காரை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஒரு கட்டு முருங்கைக்காயோடு திரும்பினார். கையெழுத்து வரவில்லை.

"என்னங்க சொன்னாங்க?"

"எங்கம்மா செத்தும் உங்களுக்கு உழைக்கறா, நானு உசுரோட இருந்து உழைக்க மாட்டேன்னு சொல்லீட்டா." கிட்டுசாமி முருங்கைக்காயைக் கீழே போட்டார். "இது மச்சான் குடுத்தது. கொழம்பு வெச்சுக்கச் சொன்னாரு, இனி நானேதான் வெச்சுக்கோணுமாம்."

"பேசாம எல்லாத்தையும் உங்க பேருக்கே மாத்தீருங்க."

"அப்பறம் அத்தனை பேரும் எம்பட ஆளு ஆயிருவாங்களே!" அப்படி ஒரு கெட்ட காரியத்தை நினைத்துப் பார்க்கவே அவருக்கு வியர்த்தது. கொஞ்ச நேரம் கழித்து முகம் தெளிந்தது. "மூணாவது ஒருத்தி இருக்காளே. செத்தும் போகல, கோவிச்சுக்கிட்டும் போகல."

அன்றே இரண்டு போர்டுகள் இறங்கின. ப்ளைவுட் தடுப்புகள் பெயர்ந்தன. மொத்தக் கட்டடமும் சின்னத்தாய் ஃபேஷன்ஸ் ஆனது.

"இப்ப ஆளெல்லாம் ஒரே கணக்குல வந்துட்டாங்க. பி.எஃப். கட்டோணுமுங்களே," என்றாள் குழந்தையம்மாள்.

"வந்தா சின்னத்தாயி தலையில வரட்டும். அவதான மொதலாளி?"

ராசப்பன் மறுபடி வந்தார். சின்னத்தாயை மிஷினிலிருந்து எழுப்பி ஆபீசுக்குக் கூட்டி வந்தார்கள்.

"இவங்க கையெழுத்துப் போடறவங்கன்னா ஒரு நிமிச வேலைங்க," என்றார் ராசப்பன். "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சாட்சி போட்டாப் போதும், சர்ட்டிபிகேட்டை இங்கயே குடுத்துருவேன். கைநாட்டுன்னாத்தான் ரேகையப் பழைய பத்திரத்தோட ஒத்துப் பாக்கோணும்."

"இவளா? கைநாட்டுங்க," என்றார் கிட்டுசாமி.

குழந்தையம்மாளும் தலையாட்டினாள். சனிக்கிழமைதோறும் கூலிப் பட்டியலில் ரேகை வாங்க மை டப்பாவை நீட்டுகிறவள் அவள்தான்.

சின்னத்தாய் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"பத்திரத்துல உருட்டுனது இடது கட்டைவிரலுங்க," என்றார் ராசப்பன் அதற்குள். "அதே விரலு வேணும். எங்க, கட்டை அவுருங்க பாப்போம்."

துணியை அவிழ்த்தார்கள். ராசப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். விரல் அதே கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"இதுல ரேகையே இல்லீங்களே!"

"வலது கை நல்லா இருக்குதுங்க," என்றார் கிட்டுசாமி. "கால்லகூட ரெண்டு கட்டைவிரல் இருக்குது."

"ரூல் ஒத்துக்காதுங்க."

கிட்டுசாமி அந்த விரலைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தொழிலாளியின் விரலை முழுதாகப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"இப்படியா வெச்சிருப்பாங்க? பொறுப்பு வேண்டாமா? டேய், காரை எடுக்கச் சொல்லு!"

சின்னத்தாய் வாயை மூடிக்கொண்டாள். அம்பாசிடரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

நர்சிங் ஹோமில் டாக்டர் பார்த்துவிட்டு, "ஊசி முனை உள்ளயே இருக்கு. சீழ் வச்சிருக்கு. நுனியை எடுத்துடலாம், சீக்கிரம் ஆறிடும். செலவும் கம்மி," என்றார்.

செலவு கம்மி என்ற சொல்லைக் கேட்டும் கிட்டுசாமி அலறியதைக் குழந்தையம்மாள் அன்றுதான் பார்த்தாள்.

"எடுக்கப்படாதுங்க டாக்டர்! நுனியிலதானுங்க எல்லாமே இருக்குது! எவ்வளவு ஆனாலும் செரி, அந்தச் சுழி எனக்கு முழுசா வேணும்!"

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

கிட்டுசாமி யோசித்தார். "அவங்க என்ற சப்-கான்ட்ராக்டருங்க."

இப்படி ஒரு பாசமான முதலாளியைப் பார்த்ததில்லை என்று டாக்டர் நர்சிடம் சொன்னார். ஆபரேஷன் நடந்தது. ஊசி முனை வெளியே வந்தது. விரல் தப்பியது.

அதற்குப் பிறகு கம்பெனியில் நடந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். விரல் கட்டின் மேல் தூசி படக்கூடாது என்று சின்னத்தாயைத் தைக்க விடவில்லை. ஆபீஸ் அறையில், மின்விசிறிக்குக் கீழே, முதலாளியின் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் படக்கூடாது என்று அவள் தட்டைக் குழந்தையம்மாள் கழுவினாள். இளநீர் வந்தது. ஹார்லிக்ஸ் வந்தது. காலையில் கிட்டுசாமி வந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு நேராக நாற்காலிக்கு வருவார்.

"எப்படி இருக்குது?"

"நல்லாருக்கேன் மொதலாளி."

"உன்னைக் கேக்கல. விரலு?"

கேட் வாட்ச்மேன் பெரியகருப்பனும் சாத்தூர்ப் பக்கம்தான். அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அடுத்தாப்ல எந்த விரலு வேணும்னு முன்கூட்டியே சொல்லிருங்க மொதலாளி, நாங்களும் குத்தி வச்சுக்கிடுதோம்," என்றான். அவனுக்கு அன்று டீ கிடைக்கவில்லை.

பெங்களூர் ஆள் வரும் நாளும் வந்தது. சின்னத்தாய்க்கு முதலாளியம்மா தோரணை வேண்டும் என்று கிட்டுசாமி வீட்டு பீரோவிலிருந்து நஞ்சம்மாளின் பட்டுப்புடவை ஒன்றை எடுத்து வந்தார். ராசப்பன் பூதக்கண்ணாடி, பழைய பத்திரம், மை டப்பா சகிதமாக வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பெங்களூர் ஆள் இன்னொன்றில் உட்கார்ந்தார். சுழல் நாற்காலியில் சின்னத்தாய். கிட்டுசாமிக்கு நாற்காலி இல்லை.

"இவர் யாரு?" என்றார் பெங்களூர் ஆள்.

"சூப்பர்வைசருங்க சார்," என்றாள் குழந்தையம்மாள். அவளுக்கு அந்த வருடத்திலேயே நிறைவாக இருந்த நிமிடம் அது. "அண்ணா, சாருக்குக் குடிக்க ஏதாவது கொண்டாங்க."

கிட்டுசாமி அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்துவிட்டு சோடா கொண்டுவரப் போனார்.

"உங்க ஒர்க்கருக்கு அடிபட்டா என்னம்மா பண்ணுவீங்க?" என்று பெங்களூர் ஆள் கேட்டார்.

"மொதல்ல ஒரு வாரம் சும்மா இருப்போம் சார்," என்றாள் சின்னத்தாய். சோடாவோடு உள்ளே வந்த கிட்டுசாமிக்கு இருமல் வந்தது. "பெறகு கார்ல கூட்டிட்டுப் போயி, எம்புட்டு ஆனாலும் பரவால்லன்னு வைத்தியம் பாப்போம்."

பெங்களூர் ஆள் திருப்தியாகக் குறித்துக்கொண்டார். "வெரி குட். இனி சர்ட்டிபிகேட்."

கட்டை அவிழ்த்தார்கள். விரல் சிவப்பாக, ஆனால் விரலாக இருந்தது. கிட்டுசாமி கண்ணை மூடி அவினாசியப்பரைக் கும்பிட்டார். ராசப்பன் அதை மையில் ஒற்றிக் காகிதத்தில் உருட்டினார். பூதக்கண்ணாடியைப் பழைய ரேகை மேல் வைத்தார். புது ரேகை மேல் வைத்தார். மறுபடி பழையதற்குப் போனார்.

"ஒத்து வரலீங்களே," என்றார்.

"என்னது?"

"பழசுல நல்ல வட்டமாச் சுழி இருக்குதுங்க. இதுல சுழிக்கு நடுவால வாய்க்கால் வெட்டுன மாதிரி தையல் போகுது."

"அது டாக்டர் போட்டதுங்க!" கிட்டுசாமி சூப்பர்வைசர் வேஷத்தை மறந்துவிட்டார். "நானே கூட நின்னு போட வெச்சதுங்க!"

"டாக்டர் போட்டாலும் டெய்லர் போட்டாலும் ரூல் ஒண்ணுதானுங்க. கோயமுத்தூர் பெரிய ஆபீசுக்கு எழுதிக் கேக்கோணும். மாசக்கணக்காகும்."

பெங்களூர் ஆள் பெட்டியை மூடினார். "சாரி. சர்ட்டிபிகேட் இல்லேன்னா ஆர்டர் இல்லை."

கிட்டுசாமி சுவரில் சாய்ந்தார். மூட்டை மூட்டையாக அழுகின கத்தரிக்காய் நிறம் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். குழந்தையம்மாளுக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை. ஆர்டர் போனால் தையல் நிற்கும். தையல் நின்றால் முதல் ஆளாக வெளியே போவது சின்னத்தாய்தான் என்றும் அவளுக்குத் தெரியும்.

"சார், செத்த இருங்க," என்றாள் சின்னத்தாய். ராசப்பனின் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கை நீட்டி எடுத்தாள். "எங்கன போடணும்? இங்கனயா?"

போட்டாள். பெ. சின்னத்தாய். குண்டு குண்டான எழுத்து, கோட்டை விட்டு இம்மியும் இறங்காத எழுத்து. அடுத்த பக்கத்தைத் தானே திருப்பி, அங்கே ஒருமுறை இங்கிலீஷிலும் போட்டாள்.



ராசப்பன் முகம் மலர்ந்தார். "அட, கையெழுத்துப் போடறவங்களா! அப்ப ரேகைப் பேச்சே இல்லீங்களே! சாட்சி யாரு?"

குழந்தையம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ராசப்பன் சீல் வைத்து சர்ட்டிபிகேட்டை நீட்டினார். பெங்களூர் ஆள் அதை வாங்கிப் பார்த்து, சின்னத்தாய்க்குக் கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கிட்டுசாமி வாய் திறந்தபடி அவர்கள் பின்னாலேயே கார் வரைக்கும் போனார்.

அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்றாள் குழந்தையம்மாள்.

"எட்டாவது பாஸுக்கா."

"ஏன் புள்ள ஒருநாளும் சொல்லவே இல்ல?"

"சனிக்கிழமை தவறாம நீங்க மை டப்பாவத்தானக்கா நீட்டுனீக. தெரியுமான்னு கேட்டீகளா?"

பி.காம். மேசை மேலிருந்த தன் மை டப்பாவை இழுப்பறைக்குள் தள்ளினாள். அப்புறம்தான் கோபம் துணைக்கு வந்தது.

"செரி, நானு கேக்கல. தப்புத்தான். ஆனா ரேகை, ரேகைன்னு ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு இத்தனை கூத்து நடந்துச்சே, அன்னைக்கு ராசப்பன் கேக்கறப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்குமல்ல?"

சின்னத்தாய் சுழல் நாற்காலியில் சாய்ந்தாள். இடது கட்டைவிரலை ஒருமுறை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கிப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா, இந்த விரல எவன்க்கா பாத்திருப்பான்?"